அம்மாவின் வேலையைப் பறித்த வண்டு

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில், மீன் பொட்டலத்துக்கும் துருவி வைத்த தேங்காய்க்கும் நடுவில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். போன தீபாவளிக்கு வந்திருந்த அத்தையின் பேரன் ஆசையாக அதைத் திறந்துவிட்டான். உள்ளே ஒரு சிள்வண்டு, நான்கு பொன்வண்டுகள், ஒரு குளவி, சின்னச் சின்னக் குப்பிகளில் எறும்புகள். பையன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் அண்ணி, இவ வயசுக்குச் செய்யிற வேலையா இது?" என்று அத்தை அம்மாவிடம் கேட்டார்.

"செத்ததுதானே, கடிக்காது. விடு" என்றார் அம்மா.

நான் ஈப்போவில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீடு செம்மோரில். பகலில் மற்றவர்களின் வரவு செலவு. இரவில் செத்த பூச்சிகளைப் படமெடுப்பது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது பிடித்த பழக்கம் இது. வரவேற்பறைச் சன்னல் ஓரத்தில் ஒரு பொன்வண்டு செத்துக் கிடந்தது. தம்பியின் பழைய கேமராவில் அதை எடுத்துப் பார்த்தேன். முதுகு தெளிவாக இருந்தால் தலை மங்கியது. தலை தெளிந்தால் கால்கள் மறைந்தன. எத்தனை முறை எடுத்தாலும் அதே கதைதான். ஏன் இப்படி என்று தேடப் போனவள், ஐந்து வருடமாகியும் திரும்பவில்லை.

காரணம் இதுதான். நீங்களே கைத்தொலைபேசியை ஒரு ரோஜாவுக்கு மிக அருகில் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். முன்னிதழ் பளிச்சென்று இருக்கும், பின்னிதழ் மங்கும். அருகில் போகப் போக, பெரிதாக்கப் பெரிதாக்க, தெளிவாக விழும் பகுதி ஒல்லியாகிக்கொண்டே போகும். நான் பயன்படுத்துவது நான்கு மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப் வில்லை. அதில் தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாமே புகைமூட்டம். சாதாரண வில்லையில் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும்தான். ஆனால் மிகச் சின்னத் துவாரத்தில் நுழையும் ஒளி பரவிப்போய், படம் முழுவதையும் லேசாக மழுக்கிவிடும். ஒளியின் குணம் அது. காசு கொடுத்து மாற்ற முடியாது.

அதற்கு ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் ஃபோக்கஸ் ஸ்டாக்கிங். ஒரே படத்தில் முழுப் பூச்சியும் விழாது. சரி, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் பூச்சியைத் துண்டு துண்டாக எடு. கேமராவை மயிரிழை அளவு முன்னே நகர்த்தி ஒரு படம், இன்னும் மயிரிழை நகர்த்தி இன்னொரு படம். மூக்கு நுனியில் தொடங்கி முதுகின் கடைசி வரை. ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று மட்டும் தெளிவாக இருக்கும். பிறகு கணினியில் ஹெலிகான் ஃபோக்கஸ், செரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் எல்லாப் படங்களிலிருந்தும் தெளிந்த கீற்றுகளை மட்டும் பொறுக்கி, ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த லெவன் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளைப் படமெடுத்து 2016-இல் கண்காட்சி வைத்தார். ஒரு பூச்சிக்கு அவர் எடுத்தது ஏறக்குறைய 8,000 படங்கள். அமெரிக்காவில் ஓர் அரசு ஆய்வுக்கூடம் தேனீக்களை இதே முறையில் எடுத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டிருக்கிறது. அவர்களுக்குக் கருவிகள் இருக்கின்றன. எனக்கு இருப்பது பழைய கேமரா, இணையத்தில் 80 ரிங்கிட்டுக்கு வாங்கிய வில்லை, யாரோ வேண்டாம் என்று போட்ட மைக்ராஸ்கோப்பிலிருந்து கழற்றிய திருகு. அந்தத் திருகில் ஒரு கோடு நகர்த்தினால் 2 மைக்ரான். விளக்கின் கண்கூசலைக் குறைக்க, பாதியாக அறுத்த பிங்பாங் பந்து.

இத்தனைக்கும் பூச்சி அசையக் கூடாது. காற்று படக் கூடாது. இரவில்தான் எடுப்பேன். காற்றாடியை நிறுத்திவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருப்பேன். எங்கள் தாமானுக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ஈப்போவிலிருந்து வடக்கே போகும் ரயில் கடக்கும்போது தரை அதிர்வது நமக்குத் தெரியாது, நான்கு மடங்கு பெரிதாக்கிய வண்டுக்குத் தெரியும். படத்தில் வண்டுக்கு இரண்டு மூக்கு முளைத்திருக்கும். அதனால் கடைசி ரயில் போன பிறகுதான் வேலை.

இவ்வளவும் நான் ஆசைக்குச் செய்தது. ஒரு பூச்சியைத் தவிர.

*

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வழக்கம் உண்டு. "பூச்சி வந்துச்சு, பொழப்பு போச்சு." சித்தப்பா பார்த்த டோல் சாவடி வேலைக்குத் தானியங்கி இயந்திரம் வந்தபோது அம்மா இதைச் சொன்னார். வங்கியில் ஆளைக் காணோம், எல்லாம் மெஷின் என்று யாராவது அலுத்துக்கொண்டால் இதைச் சொல்வார். ஏதோ பழமொழி என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். வெளியே போன பிறகுதான் தெரிந்தது, வேறு எந்த வீட்டிலும் இப்படிச் சொல்வதில்லை.

மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகளைப் பற்றி ஒருநாள் படித்துக்கொண்டிருந்தேன். தேனீ, வண்ணத்துப்பூச்சி என்று வந்த பட்டியலில் செம்பனைக் கூன்வண்டு என்று ஒன்று. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து 1981-இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, அதற்கு முன்பு ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள் என்று போட்டிருந்தது. அம்மா சமையலறையில் இருந்தார்.

"அம்மா, நீங்க சொல்ற அந்தப் பூச்சி... நெசமாவே பூச்சிதானா?"

"பின்ன? கடுகாட்டம் கருப்பா இருக்கும். எங்க கேங்கையே கலைச்ச பூச்சி" என்றார் அம்மா, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனார். ரப்பருக்கும் பேராக்குக்கும் பழைய உறவு. 1877-இல் கோலகங்சாரில் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று மரமாகி, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. ஆனால் அம்மாவுக்கு இருபது வயதாகும் முன்பே ரப்பரின் காலம் இறங்கத் தொடங்கிவிட்டது. அவர் வெட்டிய நிரைகளைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். உளியைக் கீழே வைத்தவர்கள் வெளிக்காட்டு வேலைக்குப் போனார்கள்.

இளம் செம்பனையில் ஒரு சிக்கல். பெண்பூ நிறைய வரும், ஆண்பூ குறைவு. மகரந்தம் போதாமல் குலை பாதி பிஞ்சிலேயே கெட்டுப்போகும். அதனால் தோட்டத்தில் எட்டுப் பெண்களைப் பொறுக்கி ஒரு கேங் அமைத்தார்கள். ஆண்பூவைச் சேகரித்து உலர்த்திச் சலித்த மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து கொடுப்பார்கள். பெண்கள் அதை ஒரு சின்னக் குப்பியில் அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். மட்டை முள்ளை விலக்கி, பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்து, விரிந்திருந்தால் குப்பியை அமுக்கிப் 'புஸ்' என்று பொடி அடிக்க வேண்டும். பூ விரிந்து நிற்பது சில நாள்தான். தவறவிட்டால் அந்தக் குலை போயிற்று. ஆகவே சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். தோட்டத்தில் இவர்களுக்குப் பட்டப்பெயர் 'பவுடர் கேங்'.

"வீட்டுக்கு வந்தா பவுடர் வாசம். ஒங்க ஐயா பொண்ணு பார்க்க வந்தப்பகூட நான் தனியா பவுடர் போடல" என்று சொல்லி அம்மா சிரித்தார்.

பிறகுதான் அந்த வண்டு வந்தது.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் நான்கு கன்றுகளாக ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்து, பிறகு நம் பக்கம் பரவியது. 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகத்துக்குப் பயிரானது. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைச் சேர்க்கிறது என்று நம்பியிருந்தார்கள். யூனிலிவர் நிறுவனத்தின் மலேசியத் தோட்டங்களையும் கேமரூன் தோட்டங்களையும் அறிந்த லெஸ்லி டேவிட்சன் என்பவருக்கு ஒரு சந்தேகம். இங்கே ஆள் வைத்துப் பொடி அடித்தும் பற்றவில்லை, அங்கே யாரும் அடிக்காமலே குலை நிறைகிறதே, எப்படி? ஆர்.ஏ. சையத் என்னும் பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். ஆண்பூவில் மொய்த்துக் கிடந்த கூன்வண்டுகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்று காட்டினார். மற்றப் பயிர்களைத் தொடாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் பகுதித் தோட்டம் ஒன்றில் முதலில் விட்டார்கள். மரம் பயிராகி 64 ஆண்டு கழித்து அதன் வண்டு வந்து சேர்ந்தது. 1982-க்குள் தீபகற்பம் எங்கும் பரவிவிட்டது. குலைகள் நிறைந்தன. கையால் தூவும் வேலை நின்றது.

உலகமே பாராட்டிய வெற்றிக் கதை இது. அதன் மறுபக்கத்தில் இருந்த எட்டுப் பெண்களில் ஒருவர் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டைப் படமெடுக்க வேண்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான் தோன்றியது. அம்மாவின் பிழைப்பைக் கெடுத்த முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். லயத்து வீடுகள் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வருடம் ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் கூடுவார்கள். மற்ற நாளில் சுற்றிலும் செம்பனை, அமைதி. ஆபீசில் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே நடந்தோம். நான் புத்தகத்தில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு ஆண்பூவைத் தேடினேன். அம்மா தேடவில்லை. நின்று மூச்சை இழுத்தார்.

"அந்தப் பக்கம். சோம்பு வாசம் வருது பாரு."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பத்து மரம் தள்ளிப் போனதும் தெரிந்தது. வறுத்த சோம்பின் வாசனைதான். விரிந்த செம்பனைப் பூ எஸ்ட்ராகோல் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகிறது. நம் வீட்டுச் சோம்பிலும் அதே பொருள் உண்டு. அந்த வாசனைக்குத்தான் வண்டு வருகிறது. ஆண்பூவும் வாசம் விடும், பெண்பூவும் விடும். ஆண்பூவில் தின்று, முட்டையிட்டு, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு திரியும் வண்டு, வாசத்தை நம்பிப் பெண்பூவுக்கும் போய் ஏமாந்து திரும்புகிறது. அந்த ஏமாற்றத்தில்தான் நம் சமையல் எண்ணெய் விளைகிறது.

ஒரு பூவுக்கடியில் பிளாஸ்டிக் பையைப் பிடித்துத் தட்டினேன். பைக்குள் கருஞ்சீரகம் கொட்டியதுபோல் விழுந்தன. உற்றுப் பார்த்தால் எல்லாம் நடந்துகொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதறி விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வழக்கமான வேலையைத் தொடங்கினேன். இரண்டு நாள் ஐஸ்பெட்டியில். பிறகு 70 சதவீத எத்தனாலில். அதன்பின் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் மெல்லிய தூரிகையால் கழுவுவது. இதில் சோம்பல் கூடாது. சின்னத் தூசுகூடப் படத்தில் பாறாங்கல்லாகத் தெரியும். மற்றப் பூச்சிகளை ஊசியில் குத்தலாம். மூன்று நான்கு மில்லிமீட்டர் வண்டை எங்கே குத்துவது? முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் ஒரு துளி பசை வைத்து, வண்டின் பக்கவாட்டில் ஒட்டி, அட்டையை ஊசியில் ஏற்ற வேண்டும். கால் மடங்கி விறைத்திருந்தால் ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் இளகிவிடும். பூசணம் பிடிக்காமல் இருக்க அந்தப் பஞ்சில் இரண்டு சொட்டு டெட்டால். நம் ஊர் ஈரக்காற்றில் இதெல்லாம் இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதல் இரவு 80 படங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் திருகில் 15 கோடு, அதாவது 30 மைக்ரான். 41-வது படத்துக்குப் பிறகு கைத்தொலைபேசி ஒலித்ததில் எண்ணிக்கை தவறி 30 கோடு திருகிவிட்டேன். சேர்த்துப் பார்த்தபோது வண்டின் தோளுக்குக் குறுக்கே ஈரத்துணியால் துடைத்ததுபோல் ஒரு மங்கல் பட்டை. நடுவில் ஒரு கீற்று விடுபட்டால், முன்னும் பின்னும் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த இடம் நிரம்பாது. மறுநாள் இரவு மறுபடியும் 80.

இந்த முறை சரியாக வந்தது. கணினித் திரை நிறைய வண்டு. கரும்பழுப்பு உடம்பு, யானைத் துதிக்கைபோல் வளைந்த மூக்கு, மூக்கின் நடுவிலிருந்து முழங்கை மடக்கியதுபோல் உணர்கொம்பு, முதுகில் வரி வரியாகக் குழிகள், ஓரமெல்லாம் மயிர். தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனவர்கள் கடைகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய பெரிய வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அழகைப் பார்க்கக் கண் போதும். இதன் அழகு 80 படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்து வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவாரா, அழுவாரா என்று நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொடி எங்க?" என்றார்.

"எந்தப் பொடி?"

"மேலெல்லாம் மஞ்சப் பொடி இருக்குமே. கழுவிட்டியா?"

"ஆமாம்மா, சுத்தமா இருந்தாத்தான் படம்..."

"அத ஏன் கழுவுன? அதுதானே அது பாக்குற வேல! வேலைக்குப் போறவன் கையில இருக்கிறதைப் புடுங்கிட்டுப் படம் எடுப்பியா?"

*

டப்பாவில் கழுவாத வண்டுகள் மிச்சம் இருந்தன. எத்தனாலில் போடாமல் அப்படியே உலர வைத்து ஒட்டினேன். தூரிகை அருகில்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் முறையாக 80 படங்கள். அம்மா தூங்கப் போகாமல் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காற்றாடி நின்ற அறையில், நான் திருக, கேமரா 'க்ளிக்' என்க, அவர் பேச ஆரம்பித்தார். என் வயது முழுவதும் இந்த வீட்டில் அதே 'பூச்சி வந்துச்சு' என்ற ஒற்றை வரிதான். அன்றுதான் மற்றவை வந்தன.

பவுடர் கேங் வேலை ஒன்றும் சொர்க்கம் இல்லை. முள் குத்தாத நாள் கிடையாது. அடிமரத்தில் குனிந்தால் பாம்பு இருக்கலாம், தேள் இருக்கலாம். ஆனால் பெரட்டு முடிந்து எட்டுப் பேரும் ஒன்றாகப் போய், ஒன்றாகப் பசியாறி, ஒன்றாகத் திரும்புவார்கள். எந்தப் பூ எப்போது விரியும் என்று கிராணிக்கே தெரியாது, இவர்களுக்குத் தெரியும். துரைகூட இவர்களிடம்தான் கேட்பார். "எனக்குன்னு ஒரு வேல தெரியும்னு இருந்திச்சுலா" என்றார் அம்மா.

வண்டு வந்த பிறகு கேங்கைக் கலைத்தார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் பதினாறு லிட்டர் பம்பு. அடித்தது பாராகுவாட். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள். நகம் கருத்துப் பெயர்ந்தது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது. என்னை வயிற்றில் சுமந்தபோதும் ஐந்தாம் மாதம் வரை பம்பையும் சுமந்திருக்கிறார். இப்படி மருந்தடித்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெனகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வாகவே வெளியிட்டது. பாராகுவாட்டுக்கு நம் நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. அம்மா பம்பை இறக்கி வைத்துப் பல வருடங்களுக்குப் பிறகு.

அம்மாவின் வலது கைக் கட்டைவிரல் நகம் கோணலாக இருக்கும். கதவில் நசுங்கியது என்று சின்ன வயதில் சொல்லியிருந்தார். நான் கேமராவை விட்டுவிட்டு அந்த நகத்தைப் பார்த்தேன்.

"அப்போ இந்தப் பூச்சி மேல உங்களுக்குக் கோவமே இல்லையாம்மா?"

"பூச்சி என்னாம்மா செய்யும்? அது பூவைத் தேடி வந்திச்சு. நாங்க எட்டுப் பேர் செஞ்சதவிட நல்லாவே செஞ்சிச்சு. எங்க கையில இருந்த பவுடர் குப்பிய வாங்கிட்டு மருந்து பம்பக் குடுத்தது பூச்சியா?"

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. திருகைத் திருகினேன். அன்றைக்கு எண்ணிக்கை தவறவில்லை.

*

இந்தக் கதையை நான் வண்டுக்காக மட்டும் எழுதவில்லை.

2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்கு மின்-இன்வாய்ஸ் கட்டாயமானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களைப் போன்ற கணக்கு அலுவலகங்களில் அதையொட்டிப் புது மென்பொருள்கள் வந்தன. பில்லை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்ய இனி ஆள் வேண்டாம், மென்பொருளே படித்துப் பதிந்துவிடும். என் பிரிவில் அந்த வேலையைப் பார்த்தது இரண்டு பெண்கள். ஒருவர் பத்து வருடமாக இருப்பவர். 'இவர்களை எங்கே போடலாம்?' என்று என்னிடம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. கோப்புகளை அடுக்கும் பகுதிக்கு மாற்றுவதாக ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். வேலை போகவில்லையே, அதுவே பெரிது என்பது என் கணக்கு.

வண்டைப் படமெடுத்த மறுநாள் காலை அந்த வரியை மறுபடி படித்தேன். அனுப்பவில்லை. இருவரையும் உட்கார வைத்து, மென்பொருள் எங்கெல்லாம் தவறு செய்கிறது என்று கேட்டேன். கடைக்காரர் கையால் எழுதிய பில், ஒரே பெயரில் இரண்டு கடை, மழையில் நனைந்த ரசீது என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். எந்தப் பூ எப்போது விரியும் என்று தெரிந்தவர்கள். மென்பொருளைச் சரிபார்க்கும் வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டும், அதற்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பாதிதான் நடந்தது. மூத்தவர் பயிற்சி முடித்து அந்த வேலையில் இருக்கிறார். இளையவர் காத்திருக்க முடியாமல் பினாங்கில் வேறு வேலைக்குப் போய்விட்டார். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் கையிலும் பம்பைக் கொடுக்கவில்லை.

இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். ஏ.ஐ. வருகிறது, வேலை போகப் போகிறது, பிள்ளை என்ன படிப்பது? நானும் கணக்குக்காரிதான், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. வருவதை நிறுத்த நம்மால் ஆகாது. வந்த பிறகு, குப்பியை வாங்கிக்கொள்ளும் கைகளில் அடுத்து என்ன கொடுக்கிறோம் என்பது மட்டும் மனிதர்கள் முடிவு செய்வது. நம்மில் சிலர் வாங்கும் இடத்தில் இருக்கிறோம், சிலர் கொடுக்கும் இடத்தில். பல பேர், என்னைப் போல, இரண்டுக்கும் நடுவில்.

மூன்றாம் முறை எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டேன். மூக்கிலும் வயிற்று மயிரிலும் கால் மடிப்பிலும் மணல் மணலாக மஞ்சள் மகரந்தம். படத்தில் ஒரு குறை உண்டு. சில மயிர்களைச் சுற்றி லேசான வெள்ளை நிழல் விழுந்திருக்கிறது. அடுக்குப் படங்களில் வரக்கூடிய குறைதான். திருத்தலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றார். இனி எதையும் கழுவ விடமாட்டார் போலிருக்கிறது.

வரவேற்பறையில், ஐயாவின் படத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அம்மாவே இடம் பார்த்து மாட்டச் சொன்னார். போன மாதம் அத்தை வந்திருந்தார். சுவரைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் முகத்தைச் சுளித்தார்.

"என்னா அண்ணி, இந்தப் பூச்சிய இப்போ சொவத்துலயே மாட்டிட்டாளா?"

அம்மா தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"பூச்சின்னு சொல்லாத. எங்க கேங்குல கடைசியா சேர்ந்த ஆளு."